ஆணி இல்லாத கதிரை

“இது என்ன?”

சிப்பாய் துவக்கு முனையால் பெட்டியைத் தொட்டுக் கேட்டான்.

பெட்டி முழுக்கக் கொரிய எழுத்து. போர்க்காலக் கொழும்பில், தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு, ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்துள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது எவ்வளவு மடத்தனம் என்று வரதராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“கதிரை, சேர்.”

“நாலு காலில நிக்கிற கதிரையா? இப்படித் தட்டையாகவா?” பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது.

புறக்கோட்டையில் எடுத்த பெட்டியை வெள்ளவத்தையில் இருக்கும் தன் கடைக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார் வரதராசா. கீறல் விழக்கூடாது என்று அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருத்திக் கொண்டுவந்தார். காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்து எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. சோதனை முடிந்தவர்கள் அப்பால் நிற்கும் பஸ்களில் ஏறிப் போகலாம்.

ஆண்கள் வரிசை கடகடவென்று நகர்ந்தது. பெண்களைச் சோதிக்க ஒரேயொரு பெண் பொலிஸ்தான். அந்த வரிசை வெயிலில் அப்படியே நின்றது.

வரதராசாவுக்கு அதையெல்லாம் பார்க்க ஏது நேரம்? ஹோட்டல் முதலாளி பதியுதீன் மத்தியானம் கடைக்கு வருகிறார். கதிரை பிடித்தால் ஹோட்டல் முழுவதற்கும் ஓடர். பார்த்த கையோடு அவர் வெளிநாடு போய்விடுவார். மாதக்கணக்காக ஈயோட்டும் கடை. இந்த ஓடரும் கைநழுவினால் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

“திறங்க.”

திறந்தார். ஐந்தாறு மரத்துண்டுகள்.

“இது வெறும் பலகைதானே?”

அந்தக் கேள்வியைக் கேட்டால் வரதராசாவால் சும்மா இருக்க முடியாது. கடைக்கு யார் வந்தாலும் ஒப்பிக்கும் பாடத்தைத் துவக்குக்கு முன்னாலும் ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார்.

“இல்லை சேர். கொரியாவில பிறந்து டென்மார்க்கில இருக்கிற ஒரு அம்மா செய்த டிசைன். துண்டுக்குத் துண்டு கொழுவினாச் சரி, ஆணியே தேவையில்லை. அவ என்ன சொல்லுறா எண்டா, களைச்ச ஆள் வந்து இருந்தாத்தான் அது கதிரையாம், அதுவரைக்கும் வெறும் மரம்தானாம்.”

சிப்பாய் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு பெண்கள் வரிசைப் பக்கம் பார்த்தான்.

“கதிரையாப் பூட்டிக் காட்டுங்க.”

“சேர், நான் அவசரமா...”

“பூட்டுங்க!”

பூட்டினார். அவசரத்தில் ஒரு கால் இரண்டு தரம் நழுவியது. பின்னால் நின்றவர்கள் இவரைத் தாண்டிப் போய் பஸ் ஏறினார்கள்.

“அந்த நிழலில வையுங்க.”

வைத்தார். சிப்பாய் பெண்கள் வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தியைக் கை காட்டிக் கூப்பிட்டான். நிறைமாதம். “அக்கே, மெஹே எண்ட. வாடிவென்ன.” வந்து கதிரையில் இருக்கச் சொன்னான்.

வெடிக்குமா என்று பார்க்க ஒரு பிள்ளைத்தாய்ச்சியையா இருத்துவது? இவனெல்லாம் ஒரு தாய் பெற்ற பிள்ளையா? வரதராசா மனதுக்குள் திட்டினார்.

அவள் பயந்து பயந்து இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

“சரிதானே, சேர்? எடுக்கட்டோ?”

“இன்னும் செக் பண்ணி முடியல்ல.”

செல்போன் அடித்தது. பதியுதீன்தான். “தம்பி, நான் ஒங்கட கடையிலதான் நிக்கிறேன். இன்னம் கொஞ்ச நேரம் பாப்பேன். பொறகு எயார்போட்டுக்குப் போயிருவேன்.”

“இந்தா, வந்திட்டன் ஹாஜியார்!”

எங்கே வருவது? சிப்பாய் மற்றவர்களின் பைகளைக் கிண்டிக்கொண்டிருந்தான். கதிரைப் பக்கம் திரும்பவே இல்லை. வரதராசா நெருப்பில் நிற்பதுபோல் நின்றார்.

பெண்கள் வரிசை ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் அந்தப் பெண்ணின் முறை வந்தது. அவள் எழும்பி, “பெரிய உபகாரம் அண்ணா,” என்று வரதராசாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

“சரி. செக் பண்ணியாச்சு. கொண்டு போங்க,” என்றான் சிப்பாய்.

வரதராசாவுக்குப் பொறுமை போய்விட்டது. “நீங்கள் கதிரையைத் தொட்டும் பாக்கேல்லையே! என்னத்தைச் செக் பண்ணினீங்கள்?”

சிப்பாய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“எங்கட கதிரையில ஆக்களை இருத்தினா எனக்குத் தண்டனை. வரிசையை மாத்திவிட்டாலும் தண்டனை. சாமான் செக் பண்ண எவ்வளவு நேரம் எடுத்தாலும் ஒருத்தரும் ஏனெண்டு கேக்கிறதில்ல.” லேசாகச் சிரித்தான். “களைச்ச ஆள் வந்து இருந்தாத்தான் கதிரை எண்டு நீங்கதானே சொன்னீங்க?”

வரதராசாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அந்தப் பிள்ளைத்தாய்ச்சி பஸ்ஸிலும் அவர் பக்கத்தில்தான் கம்பியைப் பிடித்தபடி நின்று வந்தாள். பெட்டியில் பை உரசுகிறது, தள்ளி நில்லுங்கோ என்று அவளுக்குச் சொன்னதும் அவர்தான்.

குனிந்து கதிரையைக் கழற்றத் தொடங்கினார். ஒரு காலைக் கழற்றியபோது அடுத்த பஸ் வந்து நின்றது. மறுபடியும் பெண்கள் வரிசை. அதன் வாலில், காலில் பெரிய கட்டோடு ஒரு அம்மா, முன்னால் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொக்கெட்டில் செல்போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

வரதராசா கழற்றிய காலைத் திரும்பக் கொழுவி, கதிரையைத் தூக்கிப் போய் நிழலில் வைத்தார்.

“மல்லி,” என்று சிப்பாயைத் தம்பி முறை வைத்துக் கூப்பிட்டார். “எனக்கென்னவோ இந்தக் கதிரையில இன்னும் சந்தேகமாயிருக்கு. இன்னொருக்கா செக் பண்ணிப் பாருங்கோ.”