பத்துப் பேர் பட்டியல்

புருஷன் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கும்போதே தாலியைக் கழற்றிவிட்டு வந்து நின்ற குப்பம்மாவைப் பார்த்ததும், வேதமாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நெற்றியில் பொட்டு இல்லை. கையில் வளையல் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மேஜைக்கு முன்னால், கட்டிய கையோடு நின்றாள்.

'அடிப்பாவி, துட்டு என்றதும் இப்படியுமா?' என்று நினைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாமல் செய்துகொண்டவர் அவரேதான்.

வேதமாணிக்கம் ராயபுரத்தில் லைசென்ஸ் பெற்ற பெயிண்டிங் காண்டிராக்டர். துறைமுகத்துக் கம்பெனிகளின் பங்களாக்களுக்கு வர்ணம் அடிப்பது தொழில். வேலையாள் அடிபட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, மூங்கில் சாரம் ஏறுகிற ஒவ்வொருவன் பெயருக்கும் இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தால்தான் கம்பெனிகள் வேலை கொடுத்தன. பட்டியலில் இல்லாதவனை ஏற்றினால் லைசென்ஸ் போய்விடும்.

அவர் பத்துப் பேருக்குக் கட்டியிருந்தார். சாரம் ஏறியது பதினாறு பேர். எல்லாக் காண்டிராக்டரும் செய்வதுதான்.

போன மாதம் மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து செத்தவன் மண்ணாங்கட்டி. பட்டியலில் இல்லாத ஆறு பேரில் ஒருவன். போலீஸ்காரர் நோட்டைத் திறந்து பெயர் கேட்டபோது, வேதமாணிக்கம் பட்டியலின் முதல் பெயரைச் சொல்லிவிட்டார்.

"வேலப்பன்."

அந்த வேலப்பன் அப்போது பக்கத்துச் சாரத்தில், கையில் வர்ணம் அடிக்கும் மட்டையோடு நின்றிருந்தான். அவரையே பார்த்தான். ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும் சுடுகாட்டுச் சீட்டிலும் அந்தப் பெயரே ஏறியது. மறுநாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை.

மண்ணாங்கட்டியின் பெண்டாட்டி பூவம்மாவுக்கு வேதமாணிக்கம் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மண்டியிட்டு அழுதார். மனசு கொஞ்சம் ஆறிய மாதிரி இருந்தது. இன்றைக்கு அடையாளம் சொல்ல ஆபீஸுக்கு வந்தால், இவள் வந்து நிற்கிறாள்.

"பேர்?" என்றார் ஆபீஸர் தாமோதரன்.

"குப்பம்மா, சாமி."

"செத்துப்போன வேலப்பனுக்கு நீ என்ன வேணும்?"

"பொஞ்சாதி."

"குழந்தைகள்?"

குப்பம்மா கொஞ்சம் தயங்கினாள். "மூணு. மூணும் சிறுசு."

வேதமாணிக்கம் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். வேலப்பனுக்குப் பிள்ளையே கிடையாது.

தாமோதரன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "புருஷன் செத்து ஒரு மாசம்தான் ஆகிறது. கண்ணிலே ஒரு சொட்டுத் தண்ணியைக் காணோமே?"

"அயுதா இன்னும் ஜாஸ்தி குடுப்பியா சாமி?"

வாசலில் நின்ற பியூன் சிரித்துவிட்டான். தாமோதரன் சிரிக்கவில்லை. திரும்பி, "நீர் சொல்லும், வேதமாணிக்கம். இவள் வேலப்பன் சம்சாரம்தானா?" என்றார்.

"ஆமா சார். வேலப்பன் சம்சாரம்தான்."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குப்பம்மா கைநாட்டு வைத்தாள். நோட்டுகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள். வேதமாணிக்கம் பின்னாலேயே வந்து வழிமறித்தார்.

"ஏம்மா, நீ மனுஷிதானா? பறிகொடுத்தவ அங்க பிள்ளைகளோட பட்டினி கெடக்கா. நீ உயிரோட இருக்கிறவனைச் சாகடிச்சுட்டுத் துட்டை முடிஞ்சுக்கிட்டுப் போறியே! கர்த்தர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காரு."

"பாக்கட்டும்" என்றாள் குப்பம்மா.

அவரைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிர்ப்பக்கம் டிராம் நிற்குமிடத்தில், இடுப்பில் ஒரு குழந்தையும் காலடியில் இரண்டுமாகப் பூவம்மா நின்றிருந்தாள். குப்பம்மா முடிச்சை அவிழ்த்தாள். நோட்டுகளை அப்படியே எடுத்துப் பூவம்மாவின் முந்தானையில் வைத்து, முடிந்து, பல்லால் கடித்து இறுக்கினாள்.

"எங்கயும் நிக்காத. நேரா வூட்டுக்குப் போ."

பூவம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குப்பம்மா கையை உருவிக்கொண்டு, "டிராம் வந்துகினு கீது, போ" என்று தள்ளிவிட்டாள்.

வேதமாணிக்கம் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் திரும்பி வந்தாள்.

"இன்னா மேஸ்திரி முயிக்கிற? பூவம்மா அது புருசன் பேரைச் சொல்லிக் கேட்டா குடுத்துருப்பாங்களா?"

"வேலப்பன் எங்கே?" என்றார் வேதமாணிக்கம்.

"எண்ணூர் உப்பளத்துக்குப் பூட்டாரு. செத்தவரு இந்த ஊர்ல சாரம் ஏறுனா உன் லைசென்சு இன்னா ஆவறது? இங்க பேச்சு அடங்குன அப்பால நானும் போவணும்."

"அங்க என்ன பேரு சொல்லியிருக்கான்?"

"மண்ணாங்கட்டி."

குப்பம்மா வெறுங்கழுத்தின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அங்க வேலைக்கு வர்றவங்க எல்லாரு பேரையும் நோட்டுல எய்திக்கிறாங்களாம். அந்தப் பேரு எதுலயும் ஏறாமலே பூடக் கூடாதுன்னாரு."