கோழிக்கு எங்கே பாஸ்?

"ஆடாம நில்லு யசோ, ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ ஆயிடும்."

ஏற்கெனவே ஆகியிருந்தது. நாற்பதடி கன்டெய்னர் லாரியை ரிவர்ஸில் ஒரு அங்குலம் பிசகாமல் நிறுத்தும் குணசேகரனுக்கு, ஒன்பது வயது மகள் யசோதராவின் ரெட்டைப் பின்னல் மட்டும் கைக்குள் அடங்க மாட்டேன் என்றது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ராஜாத்தி, மடியில் இருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினாள். 'வலது பக்கம் தூக்கு.'

"அத்த தூக்கனா இது எறங்குதும்மே! இன்னிக்கு இப்டியே போவட்டும்."

அவள் கழுத்தில் வந்த கட்டியைப் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆனால் கட்டியோடு ஒட்டிக் கிடந்த குரல் நரம்பு சுருண்டுவிட்டது. அது போதாதென்று கால்சியம் இறங்கி, விரலெல்லாம் முறுக்கிக்கொண்டு, இரண்டு தடவை மறுபடியும் ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் கதிர்வீச்சு மருந்து என்று ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, பத்து நாளைக்குப் பிள்ளை பக்கத்தில் வரக்கூடாது என்றார்கள். அந்தப் பத்து நாளில்தான் குணசேகரன் சோறு வடிக்கவும் தலை பின்னவும் கற்றுக்கொண்டான். சோறும் கொஞ்சம் கோணல்தான்.

போன மாதம் ஸ்கேனில் உடம்பு சுத்தம் என்று வந்துவிட்டது. குரல்தான் வரவில்லை. "ஆறு மாசத்துக்குள்ள வந்துட்டா நல்லது. அதுக்கு மேல போனா சொல்ல முடியாது" என்றிருந்தார் டாக்டர். இது ஏழாவது மாதம்.

அந்தக் கோடையில் எர்ணாவூர்க் குழாய்களிலும் காற்றுதான் வந்தது, ராஜாத்தியின் வாயிலும் காற்றுதான் வந்தது. தண்ணீருக்காவது லாரி இருந்தது.

முன்பெல்லாம் அவள் பேசினால் அடுத்த பிளாக்கில் தூங்குகிறவன் எழுந்துகொள்வான். கல்யாணமான பத்து வருஷத்தில் குணசேகரன் வீட்டில் பேசியது இரண்டே இரண்டு: 'சோறு போடு', 'போய்ட்டு வரேன்.' இப்போது வீடு கம்மென்று கிடப்பது அவனுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் அவன் பேச ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை.

"நேத்து ஒரு கூத்துமே! ஹார்பர் கேட்டாண்ட எனக்கு முன்னால ஒரு ஆந்திரா வண்டி. டிரைவரு கேபின்லயே கோழி வளக்குறான்! மூணு நாளா க்யூல நிக்கிறான், மூணு முட்டை. செக்யூரிட்டி எட்டிப் பாத்துட்டு, 'டிரைவருக்கு பாஸ் கீது, கிளீனருக்கு பாஸ் கீது, கோழிக்கு எங்க பாஸு?'ன்றான். அதுக்கு இவன் இன்னா பண்ணான் தெரியுமா..."

தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"கிளீனர் பையன் பேஜாரு பண்றான். மீதிய சாய்ந்தரம் சொல்றேன்."

ராஜாத்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சிலேட்டைத் தட்டினாள். 'அப்புறம்?' யசோதரா எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீயும் ஒரு நாளு பேசுவமே. கவலப்படாத." சொல்லும்போது அவன் குரல்தான் உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

துறைமுகத்தில் அன்று திடீர் ஸ்டிரைக். பத்து மணிக்கே திரும்பினான். தெருவுக்குள் தண்ணி லாரி நின்றது. குடங்களுக்கு நடுவே சண்டை களைகட்டியிருந்தது.

"யக்கோவ்! முன்னால வெச்ச பச்சக் கொடம் எப்டி பின்னால போச்சி? கொடத்துக்கு இன்னா கால் மொளச்சிதா?"

குணசேகரன் அப்படியே நின்றான். குரலில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனாலும் அந்தத் தொண்டை ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

"கால் மொளச்சா உன் வாய் மாதிரி ஊரையே சுத்திட்டு வந்திருக்குமே!" என்றாள் பக்கத்து வீட்டு பட்டம்மாள்.

"என் வாயப் பத்திப் பேசாத, ஆமா!"

ஓடினான். நாலு குடம் உருண்டது. "பேசிட்டா! எம் பொண்டாட்டி பேசிட்டாய்யா!" என்று கத்திக்கொண்டே, எதிரில் வந்த தண்ணி லாரி டிரைவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். அப்புறம் ராஜாத்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நடுத்தெரு என்றும் பார்க்காமல் விம்மி விம்மி அழுதான். ஏழு மாதமாக அவளுக்கு எதிரில் அடக்கி வைத்திருந்த அழுகை அது.

ராஜாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொரு குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாப்பா குணா, இதுக்குப் போயி இப்டி அழுவுற? மூணு வாரமா நீ வண்டி ஏறனதும் இந்த வாயோடதான் நான் மல்லுக்கட்டிகினு கீறேன். உன்கைல சொல்லக்கூடாதுன்னு தெருவு பூரா சத்தியம் வாங்கிட்டா. உன் பொண்ணுகிட்ட கூட!"

குணசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "மூணு வாரமாவா? ஏம்மே... நான் தெனம் செத்துப் பொழைக்கிறேன். என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

ராஜாத்தியின் கண்ணும் நிறைந்துவிட்டது.

"நான் பேச ஆரம்பிச்சா, நீ மறுபடியும் 'சோறு போடு, போய்ட்டு வரேன்'னு ரெண்டு வார்த்தையோட நிறுத்திக்குவியே மாமா... அத்த வுடு, அந்தக் கோழிக்கு பாஸ் குட்த்தானா, இல்லியா?"