இன்னும் கொஞ்சம் வேகமா

“இன்னும் வேகமா வரணும் தம்பி.”

செல்வலட்சுமி இதைச் சொல்வது எத்தனையாவது தடவையோ. பாண்டிராஜ் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

வெம்பக்கோட்டை பஸ் ஸ்டாப்பை ஒட்டிய சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு டெலிபோன், யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய கம்ப்யூட்டர். தீபாவளி சீசன் வேறு. சிவகாசியில் லேபிள் அடிக்கும் பிரஸ்காரர்கள் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு இவனைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த அக்காவோ உட்காரக்கூட இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

“பழைய மிசினுல்லக்கா. மெமரி கம்மி. விண்டோஸ் இல்லாம லினக்ஸ்ங்கிறதால இம்புட்டாவது ஓடுது. ஆன் பண்ணதும் வேண்டாததெல்லாம் சேந்து எந்திரிக்கி. பிரிண்டர் வச்சிருக்கீகளா?”

“இல்ல. எடுத்துரு.”

“பாட்டு, கேம்ஸு?”

“எல்லாத்தையும் எடுத்துரு. அந்தா மூலையில இருக்குல்ல, அந்த ஒரு புரோகிராம் மட்டும் போதும்.”

கனமான டெஸ்க்டாப் சாஃப்ட்வேரையே எடுத்துவிட்டு இலேசான ஒன்றைப் போட்டான். அலங்காரமெல்லாம் போய்த் திரை வெறும் சாம்பல் நிறத்தில் நின்றது. வெளிநாட்டில் இருக்கும் யாருடனோ சாட் பண்ணத்தான் இந்தப் பறப்பு என்று நினைத்துக்கொண்டான்.

ரீஸ்டார்ட் செய்தான். முன்பு டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும். இப்போது பாதிகூட ஆகவில்லை.

“போதுமாக்கா?”

“இன்னும் கொஞ்சம் கொறைக்க முடியாதா?”

அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “ஒரு நிமிசம் பிந்துனா என்னக்கா, குடியா முழுகிரும்?”

நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். முகம் சுருங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த முகம் அவனை என்னவோ செய்தது. பையை மூடப் போனவன் மறுபடி உட்கார்ந்தான். மிஷின் எழும்போது கூடவே எழுபவற்றை இன்னொரு முறை தேடித் தேடி நிறுத்தினான். அவள் கேட்ட புரோகிராம் மட்டும் தானாகத் திறக்கும்படி வைத்தான். ரீஸ்டார்ட் கொடுத்தான். சட்டென்று வந்து நின்றது.

அந்நேரம் டெலிபோன் அடித்தது. செல்வலட்சுமி பாய்ந்து எடுத்தாள்.

“சொல்லுங்க சிஸ்டர்... பிரசவமா? ரத்தம் நிக்கலையா? என்ன குரூப்பு? ஓ நெகட்டிவா? வைங்க, இப்பவே ஆள் அனுப்புறேன்.”

பாண்டிராஜ் எழுந்து வழிவிட்டான். நின்றபடியே அவள் ரெண்டு எழுத்துத் தட்ட, திரையில் நம்பர்கள் வரிசையாக வந்து விழுந்தன.

“ரத்தம் குடுக்கேன்னு கேம்ப்புல எழுதிக் குடுத்த ஆளுக நம்பரு பூராம் இதுலதான் தம்பி கெடக்கு. போன மாசம் இது தெறக்குறதுக்குள்ள ஒரு உசுரு போயிருச்சு.” சொல்லிக்கொண்டே முதலில் இருந்த நம்பரை டெலிபோனில் அழுத்திவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்தாள்.

பாண்டிராஜின் சட்டைப் பையில் இருந்த செல்போன் அடிக்க ஆரம்பித்தது.