கிழட்டுப் படகு

பந்தயத்தில் ஜெயித்தது ஆரின். ஆனால் துறையில் லாப்ஸ்டர் விருந்தை மறந்து எல்லாரும் மொய்த்தது, இரண்டாவதாக வந்த வெண்டலின் பாய்மரப் படகைத்தான்.

"என்னமா மின்னுது! புத்தம் புதுசு!"

ஆரினுக்கு வயிறு எரிந்தது.

"புதுசாம்ல! இதோட வயசு என்னய்யா?"

"எனக்கு வித்தவனுக்கே தெரியலப்பா" என்றார் வெண்டல்.

ஆரின் தன் வெற்றிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, படகின் பின்பலகை மூலையில் பெயிண்டைக் கத்தியால் சுரண்டினார். பொறித்த எண் தெரிந்தது.

"கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க, 0675. எழுபத்தஞ்சு ஜூன்ல கட்டினது. கிழட்டுப் படகு!"

நடுவர் குனிந்து பார்த்தார். "நிச்சயமாவா, ஆரின்?"

"சத்தியமா!"

நடுவர் கோப்பையை எடுத்து வெண்டலிடம் நீட்டினார்.

"பந்தய விதிப்படி பழைய படகுக்குப் பத்து நிமிஷம் சலுகை. நீங்க ஜெயிச்சது ரெண்டே நிமிஷ வித்தியாசத்துலதானே, ஆரின்?"