வெள்ளைக் கம்பளம்

ஷீனாவைக் கோபப்படுத்துவது எனக்குப் பிடிக்கும். அவள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரி. லண்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பேச்சைக் கேட்டு ஆபீஸே சிரித்ததாம். அன்றிலிருந்து அவர்களைப் போலவே வழவழப்பான ஆங்கிலம் பேசப் பழகிக்கொண்டாள். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு பீறிட்டு வரும். ரகரமெல்லாம் சரளைக்கல் போல உருளும். முதன்முதலில் பார்த்த அன்று, பஸ் ஸ்டாப் வரிசையில் நான் முந்தப்போனபோது அப்படித்தான் திட்டினாள். பாதி புரியவில்லை. அவளையே கட்டிக்கொண்டேன்.

அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் போலிருந்தால், சேற்று ஷூவோடு அவளுடைய வெள்ளைக் கம்பளத்தில் நடப்பேன். "மாட்டுத் தொழுவமா இது, மடையா!" என்று ஆரம்பிப்பாள். நான் தலையைக் குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுவதையும் கேட்பேன்.

இன்று என்னைவிட்டுப் போவதற்காகப் பெட்டியை வாசலருகே வைத்திருந்தாள். நான் மழையில் ஊறிய தோட்டத்தை மிதித்துவிட்டு வந்து கம்பளத்தின் நடுவில் நின்றேன். அவள் ஷூவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பரவாயில்லை நவநீதன்," என்றாள், ஆபீஸில் பேசும் அந்த ஆங்கிலத்தில். "கிளம்புவதற்கு முன்னால் துடைத்துவிடுகிறேன்."

நான் திரும்பித் தோட்டத்துக்குப் போனேன். ரோஜாப் பாத்தியில் இறங்கி, இரண்டு கால்களையும் இன்னும் ஆழமாக அழுத்தினேன்.