தொண்ணூற்றாறாம் பக்கம்

"கடைசித் தாள் எங்கே சார்?"

நூலகர் அம்மா கேட்ட தொனியில், வாசிப்பு அறையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

மேசைமேல் கிடந்தது 'கடல் கடந்த கீரியும் வாத்தும்'. சிறுவர் துப்பறியும் கதை. ஒரு கீரியும் ஒரு வாத்தும் கப்பலேறி வெளிநாடு போய், மணிக்கூண்டிலிருந்து காணாமல் போன மணியைக் கண்டுபிடிக்கிற கதை. பிள்ளைகள் முன்கூட்டியே பெயர் கொடுத்துக் காத்திருந்து வாங்கிப் போகிற புத்தகம்.

அதில் கடைசித் தாளைக் காணோம். துப்பறியும் கதையில் கடைசித் தாள் இல்லையென்றால் மிச்சம் என்ன, மண்ணாங்கட்டியா?

"வாங்கிட்டுப் போறப்பவே இல்லை மேடம்," என்றார் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்த மனிதர். பக்கத்தில் நின்ற ஒன்பது வயது மகள் குனிந்து தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நூலகர் அம்மாவுக்குச் சுரீரென்றது. யாரிடம் வந்து யார் கதை விடுவது! எந்தப் புத்தகம் வெளியே போனாலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அதன் எண்ணைச் சீட்டில் குறித்துக்கொண்டுதான் கொடுப்பார். இருபது வருஷப் பழக்கம். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் தன்னை 'போலீஸ்' என்று கூப்பிடுவது அவருக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சீட்டை எடுத்து நீட்டினார். "நீங்க எடுத்துட்டுப் போன அன்னிக்குக் கடைசிப் பக்கம் தொண்ணூத்தாறு. என் கையெழுத்து. இப்ப தொண்ணூத்து நாலோட நிக்குது. ரெண்டு பக்கமும் இறக்கை முளைச்சுப் பறந்து போச்சா?"

அவர் முகம் செத்துவிட்டது.

"பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பொய் சொல்றீங்களே சார். நாளைக்கு அது என்ன கத்துக்கும்?"

"குட்டிம்மா, நீ போய் வேற புத்தகம் எடும்மா," என்றார் அவர் மெதுவாக. மகள் போனதும் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஸ்கேல் வைத்து ஒழுங்காகக் கிழித்திருந்தார்.

"நான்தான் மேடம் கிழிச்சேன். கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

நூலகர் அம்மா படித்தார். திருடன் பிடிபடுகிறான். கீரி ஊர் திரும்பக் கப்பல் ஏறுகிறது. வாத்துக்கு அந்த ஊரிலேயே வேலை கிடைத்துவிடுகிறது. 'கடிதம் போடுகிறேன்' என்று கரையில் நின்றபடி இறக்கையை ஆட்டுகிறது.

"இவ அம்மா வெளிநாட்டுல நர்ஸா இருக்காங்க மேடம். இந்த லீவுக்கு வர்றதா இருந்துச்சு. இப்ப இன்னும் ரெண்டு வருஷம்னு ஆயிடுச்சு. இவகிட்ட சொல்ல எனக்கு வாயே வரலை. தினமும் ஒரு அத்தியாயம் நான்தான் படிச்சுக் காட்டுவேன். முடிவு இப்படி இருந்தா எப்படிப் படிக்கறது? ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல வீடு வந்து சேர்ந்தாங்கன்னு நானே ஒண்ணைக் கட்டி விட்டுட்டேன்."

அலமாரிப் பக்கம் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பாவம், சின்னப் பிள்ளை. தாங்க மாட்டா. நான் மெதுவா சொல்லிக்கறேன். என் கார்டை வேணும்னா ரத்து பண்ணிடுங்க. அவளோடது மட்டும் இருக்கட்டும்."

நூலகர் அம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"யார் கார்டும் ரத்தாகலை. ஆனா இதை நான் ஒட்டியாகணும். இன்னும் பதினோரு பிள்ளைங்க காத்திருக்குதுங்க."

"ஒட்டிக்குங்க மேடம். இவ கையில மட்டும் மறுபடியும்..."

"தர மாட்டேன். போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க. இப்படியே பார்த்தா பிள்ளை பயந்துடும்."

அவர் கொல்லைப்பக்கக் குழாயடிக்குப் போனார். நூலகர் அம்மா பசை டப்பாவைத் திறந்தார்.

"கொஞ்சமா தடவுங்க ஆன்ட்டி. நிறைய வச்சா பக்கத்துப் பக்கமும் ஒட்டிக்கும்."

தூக்கிவாரிப்போட்டது. மகள்! நூலகர் அம்மா அவசரமாகத் தாளை முழங்கையால் மறைத்தார். "எது? எந்தப் பக்கம்?"

"வாத்து அங்கேயே தங்கிடற பக்கம்."

"அடியாத்தே, உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எந்தப் புத்தகமா இருந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பேன். இல்லேன்னா பயமா இருக்கும். அப்பா கிழிக்கறதுக்கு முந்தியே படிச்சுட்டேன்."

"அப்ப உங்க அம்மா..." சொல்ல வந்ததை நூலகர் அம்மா அப்படியே விழுங்கினார்.

"அதுவும் தெரியும். அம்மா வர்ற தேதிக்குக் காலண்டர்ல பச்சை வட்டம் போட்டு வச்சிருந்தேன். ஒருநாள் அந்த மாசத்துத் தாளை மட்டும் காணோம். தண்ணி கொட்டிடுச்சு, கிழிச்சுட்டேன்னு அப்பா சொன்னார். அடியில இருந்த தாள் கொஞ்சம்கூட நனையலை ஆன்ட்டி."

கீரி என்ன கீரி, இவளிடம் பிச்சை வாங்க வேண்டும். நூலகர் அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"இவ்வளவும் தெரிஞ்சிருந்துமா ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தே?"

முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அப்பா கொல்லை வாசலில் வந்துகொண்டிருந்தார். அவள் எட்டி, நூலகர் அம்மாவின் காதோரம் குசுகுசுத்தாள்.

"சொல்லிடாதீங்க ஆன்ட்டி. பாவம் அப்பா, தாங்க மாட்டார். நான் மெதுவா சொல்லிக்கறேன்."