தலைவர் படம்

டெக்சாஸ், காப்பெல், 2006. தமிழ்ச் சங்க மலருக்கு முழுப்பக்கத் தலைவர் படம் வேண்டியிருந்தது. சங்கத் தலைவர் கோபாலசாமி புதுக் கேமராவை ட்ரைபாடில் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டு இளமாறனுக்கு வகுப்பே எடுத்தார்.

"கை நடுங்குனா லென்ஸ் எதிர்ப்பக்கம் நகர்ந்து சரி பண்ணிடும்பா. நாகமணி எடுத்தா எல்லாமே பூகம்பம்தான்!"

செத்துப்போன மனைவி நாகமணியின் கைநடுக்கத்தைச் சொல்லியே சபைகளைச் சிரிக்கவைத்தவர் அவர்.

இளமாறன் எடுத்த பன்னிரண்டு படங்களிலும் பின்சுவர் துல்லியம்; தலைவர் முகம் மட்டும் கலங்கியிருந்தது.

"ட்ரைபாட்ல வச்சா, நடுக்கத்தைச் சரி பண்ற ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணணும் அங்கிள்." அணைத்துவிட்டு இளமாறன் கேமராவில் காதை வைத்தான். "ஆஃப்தான். ஆனா லென்ஸ் அசையுது. யாரோ கையில புடிச்சிருக்கற மாதிரி."

கடைசியில் துல்லியமாக இருந்த தன் பழைய ஸ்டுடியோ படத்தையே அச்சுக்கு அனுப்பினார்.

விழாவன்று மலரைப் புரட்டிய அரங்கம் சிரித்தது. ஐந்நூறு பிரதிகளில் எந்த இரண்டிலும் தலைவர் முகம் ஒரே மாதிரி கலங்கியிருக்கவில்லை.